முதல் மூன்று பெயர்கள்

டிஜோன்,
22 அக்டோபர் 1976

அன்புள்ள பெர்த் அக்கா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உன் முகம் கோணியிருக்கும். "கல்லறைத் திருநாள் வந்தாத்தான் இவனுக்கு அக்கா ஞாபகம் வரும்" என்று கடையில் நிற்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டே பிரித்திருப்பாய். சொல்லிக்கொள். உன் கடை மாதிரி பூக்கடை இந்த டிஜோனில் ஒன்றுகூட இல்லை. இங்கே ரோஜாவை முட்டைக்கோஸ் மாதிரி காகிதத்தில் சுருட்டித் தருகிறார்கள்.

புதுக் கண்ணாடிக்கடை பரவாயில்லை. முதலாளி மாதம் ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறார். நாள் முழுக்க நான்தான் அளவெடுக்கிறேன். ஒரு பெண் பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரே இருப்பது யார் என்றே தெரியாமல் என்னைப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேனோ என்று தோன்றுகிறது. நீ சிரிக்க மாட்டாய், தெரியும். நாற்பத்தொன்பது வயதில் தம்பி இப்படி இருப்பது உனக்கு அவமானம். எனக்கோ காலையில் எழுந்திருக்க அது ஒன்றுதான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைக்கு இந்த முறை மூன்று தொட்டி சாமந்தி. மற்றவர்களுக்கு ரோஜா, ஆளுக்கு ஐந்து, சிவப்பு வேண்டாம். பெயர்கள்: கொலெத் (அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடு, அவர்கள் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள்), மதாம் தெவெனோ (அதேபோல் மகள் வீட்டுக்கு), லெயோனி ப்ரெனே (பத்தான் தெரு, 71, மூன்றாம் மாடி), கிலேன், நதின், போலெத், மருந்துக்கடை மோனிக், இரண்டு ழனின்கள், ஆர்லெத், நூலகத்து ஒதில். விலாசங்கள் பின்பக்கத்தில். அட்டைகளை எழுதி இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றாகச் செருகினால் போதும்.

திருநாளுக்கு வருவதாகத்தான் இருந்தேன். முடியவில்லை. திங்கள் வரை ஒரு சின்ன வேலை.

உன் எட்மோன்

*

பெசான்சோன்,
28 அக்டோபர்

எட்மோன்,

பதினொரு அட்டையிலும் ஒரே வாசகம். "எப்போதும் உன் நினைவாகவே." செத்தவளுக்கும் அதுதான், இருக்கிறவளுக்கும் அதுதான். ஒரு வார்த்தை மாற்றி எழுதக்கூட உனக்குக் கை வலிக்கிறது.

கடையில் கால் வைக்க இடமில்லை. வாசலில் இருநூறு தொட்டி, உள்ளே இருநூறு. தண்ணீரில் கிடந்து கிடந்து விரலெல்லாம் வெடித்துவிட்டது. இதற்கு நடுவில் உன் நூலகத்துக்காரிக்கு சிவப்பு இல்லாத ரோஜா. அம்மா கல்லறையை நேற்றே கழுவிவிட்டு வந்தேன், அங்கே எப்போதும்போல என் தொட்டிதான்.

உன் மூன்று தொட்டியும் சனிக்கிழமை காலை வண்டியில் போகும். வெள்ளைதான் நன்றாக வந்திருக்கிறது, அதையே எடுத்து வைத்திருக்கிறேன். இந்த லெயோனி எப்போது போனாள்? நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சின்ன வயதா? பத்தான் தெருவில் இருக்கிறது அவள் வீட்டாரா? பாவம், அட்டையை ஒழுங்காகச் செருகிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் 'சின்ன வேலை' எது என்று நான் கேட்கவில்லை.

பெர்த்

*

பெசான்சோன்,
3 நவம்பர்

எட்மோன்,

நேற்றிலிருந்து உன் கடைக்கு எத்தனை தடவை போன் செய்தேன் தெரியுமா? மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. என் கடிதம் உன் தபால் பெட்டியிலேயே கிடந்திருக்கும். நீ எவளோடு எங்கே போயிருந்தாயோ.

நேற்று காலை கடையில் நாலு பேர் நின்றார்கள். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். தடித்த கோட்டு, தலையில் துணி, மூக்கில் கண்ணாடி. ஒரு கையால் வெள்ளைச் சாமந்தித் தொட்டியை இடுப்போடு அணைத்திருந்தாள். இன்னொரு கை அசையவில்லை. தொட்டியை என் மேஜை மேல் வைத்தாள். மூச்சு அடங்கும்வரை நின்றுவிட்டுக் கேட்டாள்.

"நீங்கதான் எட்மோனோட அக்காவா?"

"ஆமா. நீங்க யாரு?"

"லெயோனி."

தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன், நான் அனுப்பியதேதான்.

"இதை எங்க வைக்கிறதுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றாள். "எனக்கு இன்னும் குழி வெட்டலையே."

முப்பது வருஷமாகப் பூ விற்கிறேன். உயிரோடு இருக்கிறவள் வாசலில் சாமந்தி கொண்டுபோய் வைத்தேன் என்று இந்த ஊரில் ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. விருந்துக்குப் போகிற எவனும் செத்தவர்களுக்கு வைக்கிற அந்தப் பூவைக் கையால் தொட மாட்டான். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, அவளை உட்கார வைத்தேன்.

"தப்பு நடந்துபோச்சும்மா," என்றேன்.

"அட்டையில அவர் கையெழுத்துதானே?"

"ஆமா."

"என் பேரு, என் விலாசம்?"

"ஆமா."

"அப்புறம் என்ன தப்பு?"

அவளே சொன்னாள். ஜூன் மாதம் உன்னிடம் கண்ணாடி போட வந்தாளாம். கடிகாரத் தொழிற்சாலையில் மயிரிழை அளவு மெல்லிய கம்பிச் சுருள்களைப் பொருத்துகிற வேலை, கண் மங்கிவிட்டதாம். ஜூலையில் அவள் மார்பில் கட்டி இருப்பதை முதலில் தொட்டுச் சொன்னது நீதானாம். "டாக்டர்கிட்ட போ" என்று சொன்னாயாம். அதற்கு நன்றி என்று என்னிடமே சொன்னாள். ஆகஸ்டில் நீ டிஜோனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய். செப்டம்பரில் அவளுக்கு அறுத்தார்கள். இப்போது எலும்புக்குப் போய்விட்டதாம். திருநாளுக்கு வருகிறேன் என்று நீ சொன்னதால் சனிக்கிழமை தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கதவைத் தட்டியது என் வண்டிக்காரன்.

நிலைமை உனக்குப் புரிகிறதா? தப்பு என்றால் என்ன தப்பு என்று நான் சொல்லியாக வேண்டும். சொன்னால் உன் பட்டியல் வெளியே வரும். உனக்குத் தான் ஒருத்தி மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லாவிட்டாலோ, நோய் என்று தெரிந்ததும் நீ அவளை உயிரோடு புதைத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேருவாள். கிறிஸ்துமஸ் வரை இருப்பாள் என்ற பேச்சையே மருத்துவர்கள் எடுப்பதில்லையாம்.

ஒரு மணி நேர ரயில். வந்து உன் வாயால் சொல்.

பெர்த்

*

டிஜோன்,
5 நவம்பர்

அக்கா,

இரண்டு கடிதத்தையும் ஒன்றாகத்தான் படித்தேன். திங்கள் இரவு திரும்பியும் பெட்டியையும் திறக்கவில்லை, கடையையும் திறக்கவில்லை. உன் முதல் கடிதத்தை வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். அதை நினைத்து நினைத்து என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் மூன்று என்று எழுதியதில் ஒன்று அம்மாவுக்கு. இந்த வருஷமாவது என் பங்குக்கு ஒரு தொட்டி இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா பெயரை உனக்கு எழுத வேண்டுமா என்று விட்டுவிட்டேன், நீ முதல் மூன்று பெயருக்கும் அனுப்பிவிட்டாய். லெயோனி மூன்றாவதாக இருந்தது ஏன் என்றால், உயிரோடு இருக்கிறவர்களில் அவளைத்தான் முதலில் எழுதினேன். இதை நீ நம்ப வேண்டும்.

அவளுக்கு நான் என்ன சொல்ல முடியும்? விரலுக்கடியில் அது உருண்டபோது எனக்கு மயக்கமே வந்தது, அக்கா. அன்றைக்கு இரவு முழுக்க அவள் தூங்கினாள், நான் தூங்கவில்லை. கொலெத் கார் விபத்தில் போனபோது மூன்று நாள் பிரேத அறை வாசலில் நின்றவன் நான், அது உனக்குத் தெரியும். இன்னொரு தடவை என்னால் முடியாது. ஓடிவிட்டேன் என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன்.

வண்டிக்காரன் தொட்டியை மாற்றி வைத்துவிட்டான் என்று சொல்லிவிடு. இரண்டு லெயோனிகள் என்று சொல். எது வேண்டுமானாலும் சொல், அந்தப் பட்டியலை மட்டும் காட்டாதே. பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வருகிறேன். பதினொன்றே காலுக்கு அங்கே வந்து சேரும் ரயில். நேராக அவள் வீட்டுக்குத்தான் போவேன்.

எட்மோன்

*

பெசான்சோன்,
9 நவம்பர்

எட்மோன்,

அம்மா போய்ப் பதினாறு வருஷம். இந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு தடவை அவளை நினைத்தாய், அதற்கு இன்னொருத்தி பலி. உன்னைத் திட்ட எனக்கு இப்போது தெம்பில்லை.

நீ சொன்னபடியே வண்டிக்காரன் கதையைச் சொன்னேன். சனிக்கிழமை சூப் கொண்டுபோயிருந்தேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "வண்டிக்காரருக்கு எவ்வளவு கஷ்டம், உங்க தம்பி செய்யுறதுக்கெல்லாம் அவர் பழி சுமக்கணும்," என்றாள். கத்தி மாதிரி மூளை அவளுக்கு. மயிரிழையோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவளிடம் என் பொய் எடுபடுமா?

"அக்கா, நான் அழ மாட்டேன். எனக்கு நிஜத்தைச் சொல்லுங்க. அவர் என்னைச் செத்தவள்னு நினைச்சு அனுப்பினாரா, இல்லையா?"

காட்டிவிட்டேன். உன் முதல் கடிதத்தையே எடுத்துக் கையில் கொடுத்தேன். நீ என்னைக் கோபித்துக்கொள்ளலாம். அந்தக் கண்களை எதிரே வைத்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

பெயர்களை விரல் வைத்துப் படித்தாள். இரண்டு தடவை.

"இதுல உயிரோட இல்லாதவங்க யாரு யாரு?"

"முதல் ரெண்டு பேர்."

"அப்போ மிச்சம் ஒன்பது பேரும் ரோஜா வாங்கியிருக்கணும்," என்றாள். அப்புறம் சிரித்தாள். நிஜமான சிரிப்புதான், வலித்ததால் பாதியில் நிறுத்தினாள். "ரெண்டு ழனினா? எப்படிக் குழம்பாம இருக்கார்?"

நான் அழுதுவிட்டேன், எட்மோன். அவள் அழவில்லை.

உயிரோடு இருக்கிறவர்களில் அவளைத்தான் முதலில் எழுதினாய் என்று நீ சொன்னதையும் சொன்னேன். நம்பச் சொல்லிக் கேட்டிருந்தாயே. நம்பினாளா இல்லையா தெரியவில்லை. இதைத்தான் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்.

"எத்தனை பேர் இருந்தா எனக்கென்ன இனிமே. ஞாயித்துக்கிழமை அவர் இந்த மூணு மாடி ஏறி வந்துட்டார்னா போதும். வந்து என் முகத்தைப் பார்த்துட்டா எல்லாத்தையும் விட்டுடுவேன். வராம இருந்தாத்தான் தாங்காது."

கேட்டாயா? அவள் கேட்கிறது மூன்று மாடிப்படி. மன்னிப்புக்கூட நீ கேட்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வா.

பெர்த்

*

டிஜோன்,
15 நவம்பர்

அன்புள்ள அக்கா,

கடைசியில் கடிதத்தைக் கையில் கொடுத்தே விட்டாய். சரி, போகட்டும். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று வந்தேன். ரயில் ஏகத் தாமதம், வழியில் எங்கோ நிறுத்திவிட்டான். பத்தான் தெருவுக்கு வந்து சேரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. மூன்று மாடியும் ஏறினேன். மணியை மூன்று தடவை அடித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே சத்தமே இல்லை. பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் நின்றிருப்பேன். எதிர்வீட்டுக்காரி தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள். வாங்கி வந்த இஞ்சி ரொட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கினேன்.

உன் கடைக்குப் போனால் அதுவும் பூட்டு. ஞாயிற்றுக்கிழமையில் பூக்கடையைச் சாத்துகிறவள் இல்லையே நீ! எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இவ்வளவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் எங்கே போனீர்கள்?

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மனதுக்கு ஒரு பாரம் இறங்கியது. அவள் வெளியே போகிற அளவுக்கு நடமாடுகிறாள் என்றால் நீ எழுதியதில் பாதி பயம்தான். மருத்துவர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள். நான் வந்துபோனேன் என்று அவளிடம் சொல். இன்னொரு ஞாயிறு வருகிறேன். பனிக்கு முன்னால் வரப் பார்க்கிறேன்.

உன் எட்மோன்

*

பெசான்சோன்,
1 டிசம்பர்

எட்மோன்,

உன் கடிதத்துக்கு இரண்டு வாரம் பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாள். இப்போது எழுதலாம்.

பதினான்காம் தேதி நாங்கள் எங்கும் போகவில்லை. அவளால் போக முடியாது. கட்டிலிலிருந்து ஜன்னலோரம் இருக்கும் நாற்காலிக்கு வரவே என் தோள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். காலை எட்டு மணிக்கே நீலச் சட்டை போட்டுவிடச் சொன்னாள். ஒரு பக்கம் தொங்கியது, உள்ளே துணியை மடித்து வைத்துச் சரி செய்தேன். நீ போட்டுக்கொடுத்த கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு நீ தெருவில் வந்தாய்.

ரயில் தாமதம் இல்லை, எட்மோன். பதினொன்றரைக்கு நீ அந்தச் சரிவில் ஏறி வந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். கையில் பொட்டலம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், "வந்துட்டார், வந்துட்டார்" என்றாள். குழந்தை மாதிரி இருந்தது அவள் குரல். நீ வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தாய். 71-க்கு எதிரே வந்து நின்று, தலையைத் தூக்கப் போனாய்.

அப்போது தெருவில் ஒருத்தி வந்தாள். யார் என்று எனக்குத் தெரியாது. பழுப்பு பூட்ஸ், சாம்பல் நிறக் கோட்டு, பூசை முடிந்து கேக் வாங்கிக்கொண்டு போகிறாள், பெட்டியை நூலில் தொங்கவிட்டிருந்தாள். உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ அவளைப் பார்த்தாய். பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாய். மாற்றிவிட்டுப் பின்னாலேயே போனாய். அவள் வேகமாக நடந்தாள், நீ கொஞ்சம் ஓடினாய். பாலத்துப் பக்கம் திரும்பும்வரை தெரிந்தது.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஜன்னலைத் திறக்கப் போனேன். லெயோனி விடவில்லை. நீ போன திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"அவருக்கு மூச்சு வாங்குது பாருங்க அக்கா. வயசாயிட்டுது."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன்.

நீ திரும்பி வர ஒன்றரை மணி நேரம். அதற்குள் அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தேன். படியில் உன் காலடி கேட்டது. முதல் மணி. நான் எழுந்தேன். திறந்து உன் கன்னத்தில் இரண்டு வைத்து இழுத்து வரலாம் என்றுதான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, என் வாயைப் பொத்தினாள். மூன்று மாதமாக அந்த மணிச்சத்தத்துக்காகக் காத்திருந்தவள். நீ "லெயோனி, லெயோனி" என்று கூப்பிட்டபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நீ இரைப்பது எங்களுக்குக் கேட்டது. பத்து நிமிஷம் என்று எழுதியிருக்கிறாய். நாலு நிமிஷம். என் வாய் மேல் இருந்த அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன.

நீ இறங்கிப் போனபின் கையை எடுத்தாள். "பசிக்குது," என்றாள். நாலு நாளாக ஒன்றும் உள்ளே போகாதவள், ஒரு கிண்ணம் சூப் முழுதும் குடித்தாள். "இனிமே அவரைப் பத்திப் பேச வேணாம் அக்கா," என்றாள். அதற்கப்புறம் உன்னைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. அவள் வேலையைப் பற்றிச் சொன்னாள், கூட வேலை செய்த பெண்களைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பேரும் நிறையச் சிரித்தோம். தினமும் கடை அடைத்ததும் போனேன். எனக்கு ஒரு தங்கை இருந்தது அந்தப் பன்னிரண்டு நாள்தான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை போய்விட்டாள். நேற்று அடக்கம். உன்னைக் கூப்பிட வேண்டாம் என்பது அவள் சொன்னது, நான் சேர்த்ததில்லை. நீ கதவோரம் வைத்துவிட்டுப் போனதை எதிர்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள்.

உன்னை நான் வெறுக்கவில்லை. வெறுக்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இனி எனக்குப் பெயர்கள் எழுதி அனுப்பாதே.

பெர்த்

*

டிஜோன்,
6 டிசம்பர்

அக்கா,

ரயில் சரியான நேரத்துக்குத்தான் வந்தது.

நாலு நாளாக யோசிக்கிறேன். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. பழுப்பு பூட்ஸ் என்று நீ எழுதியதால் இப்போது பூட்ஸ் மட்டும் இருக்கிறது. அவளிடம் பேசினேனா, அவள் பதில் சொன்னாளா, எதுவும் தெரியவில்லை. பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தது தெரிகிறது. அங்கே எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. நீ எழுதாமலிருந்தால் ரயில் தாமதம் என்றே நம்பிக்கொண்டிருப்பேன். உன்னிடம் பொய் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியது இல்லை அது.

லெயோனி கண்ணாடி போட வந்த அன்று அளவெடுத்தேன். இரண்டு கருவிழிக்கும் நடுவே அறுபத்தொரு மில்லிமீட்டர். அது மறக்கவில்லை. கண் என்ன நிறம் என்று கேட்டால் சொல்ல முடியவில்லை. நீ பன்னிரண்டு நாள் பக்கத்தில் இருந்தாய். எனக்கு எழுத வேண்டும் என்றில்லை, நீயாவது மறக்காமல் இரு.

வியாழக்கிழமையிலிருந்து கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடத் தெருமுனை வரை போக வேண்டும். ஐம்பது அடிகூட இருக்காது. இரண்டு தடவை கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போய், தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டேன். கீழ்வீட்டுக் கிழவர் காலையில் ரொட்டி வாங்கப் போவார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எட்மோன்